பழைய காரில் கூலன்ட் குறைகிறதா? அறிகுறியைப் பிடித்து ஓட்டையைக் கண்டுபிடிக்கும் முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் இன்றும் தெருவுக்கு ஒரு சிட்டி கோல்ஃப், ஒரு டொயோட்டா டாஸ், ஒரு பழைய ஓப்பல் கோர்சா ஓடிக்கொண்டிருக்கிறது. அவற்றில் பலவற்றின் டிக்கியில் 5 லிட்டர் தண்ணீர் கேன் ஒன்றும் இருக்கும். வாரத்துக்கு ஒருமுறை பானெட்டைத் திறந்து, குழாய்த் தண்ணீர் ஊற்றி, மூடிவிட்டு ஓட்டுகிறார்கள். நல்ல எஞ்சின்களைத் தின்பது இந்தப் பழக்கம்தான். ஊற்ற ஊற்ற, எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் நீர்த்துப்போகிறது. துருவைத் தடுக்கும் மருந்து அதிலிருந்து போய்விடுகிறது. இரும்பு பிளாக் துருப்பிடிக்கிறது, அலுமினிய ஹெட் அரிக்கப்படுகிறது. சிறு ஓட்டையாக இருந்தது, அவ்விரண்டுக்கும் இடையே உள்ள ஹெட் கேஸ்கட்டை மாற்றும் வேலையில் போய் முடிகிறது.

கூலன்ட் ஓடும் பாதை மூடப்பட்ட ஒன்று. நல்ல நிலையில் உள்ள காரில் ஒரு வருடத்தில் தொட்டி மட்டம் விரற்கடை அளவு இறங்கலாம். அதற்கு மேல் இறங்கினால் அது எங்கோ போகிறது: தரைக்கு, காருக்குள், புகைக்குழாய்க்கு, அல்லது எண்ணெய்க்குள். இந்த நான்கில் எது என்று பார்ப்பதுதான் வேலை.

எதையும் தொடும் முன்

எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியையோ கூலன்ட் தொட்டி மூடியையோ திறக்கவே கூடாது. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடிக்க முடிகிற அளவுக்கு ஆறட்டும், குறைந்தது ஒரு மணி நேரம். சிட்டி கோல்ஃப் போன்ற கார்களில் சாவியை எடுத்த பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுழலத் தொடங்கும். ஆகவே எஞ்சின் ஆறும்வரை அங்கே விரலை நீட்டாதீர்கள். வழிந்த கூலன்ட்டைத் தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் நக்கும். குழந்தையும் வாயில் வைக்கும். அது கடும் விஷம்.

கையில் இருக்க வேண்டியவை: டார்ச், சிறு கண்ணாடி, வெள்ளை அட்டை, டேப், ஸ்க்ரூ டிரைவர், துணி. முடிந்தால் பிரஷர் டெஸ்டர் ஒன்றை இரவல் வாங்குங்கள். கையால் அடிக்கும் பம்பு, ஒரு மீட்டர், மூடி இருக்கும் இடத்தில் பொருந்தும் அடாப்டர், அவ்வளவுதான் அது.

காலையில், எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது, தொட்டியில் மட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே டேப் ஒட்டுங்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் நிறுத்தி மறுபடி பாருங்கள். சூடான எஞ்சினின் மட்டத்தைக் குளிர்ந்த மட்டத்தோடு ஒப்பிட்டுக் குழம்புகிறவர்கள் நிறைய.

அறிகுறி 1: காருக்கு அடியில் ஈரம்

முதலில் அது கூலன்ட்தானா என்று பாருங்கள். டர்பனின் புழுக்கத்தில் ஏசி போட்டு ஓட்டிய காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது இயல்பு. விரலால் தொட்டுப் பாருங்கள். நிறமும் மணமும் வழவழப்பும் இல்லையென்றால் ஏசி தண்ணீர், விட்டுவிடலாம். இனிப்பு மணத்தோடு, இரு விரலுக்கிடையில் வழுக்கினால் கூலன்ட். வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டும் காரில் இந்தச் சோதனை உங்களை ஏமாற்றும். அப்போது துரு நிறத்தைத் தேடுங்கள்.

இரவு முழுக்க வெள்ளை அட்டையை அடியில் விரித்து வையுங்கள். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்கும் என்று நம்ப வேண்டாம், திரவம் இரும்பைப் பிடித்து வழிந்து வேறிடத்தில் சொட்டும். ஆனால் முன்னாலா, எஞ்சினின் பெல்ட் பக்கமா, டாஷ்போர்டை ஒட்டிய தடுப்புச் சுவர்ப் பக்கமா என்பது தெரிந்துவிடும். பிறகு இந்த வரிசையில் போங்கள்.

*ஹோஸும் கிளிப்பும்.* மலிவானது, அடிக்கடி நடப்பது. ஒவ்வொரு ஹோஸின் இரு முனையிலும் காய்ந்த பச்சை, இளஞ்சிவப்பு அல்லது வெள்ளைப் பொருக்கு இருக்கிறதா என்று தேடுங்கள். ஹோஸை அழுத்துங்கள். நொறுநொறுவென்ற சத்தம், ஊறிய பஞ்சு போன்ற மென்மை, முனையில் வெடிப்பு, இவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டும். ஸ்க்ரூ கிளிப்பை அளவுக்கு மீறி இறுக்காதீர்கள். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் கழுத்து வெடித்தால் சிறு செலவு பெரிதாகும்.

*ரேடியேட்டர்.* இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் தொட்டி, நடுவில் அலுமினியம் என்ற வகையில், இரண்டும் சேரும் மடிப்பில்தான் பெரும்பாலும் கசியும். மடிப்பு முழுக்க டார்ச் அடித்துப் பாருங்கள். நிறம் மங்கிப் பழுப்பாகி, நூல் போன்ற கோடு விழுந்த பிளாஸ்டிக்கை ஒட்டிப் பயனில்லை, ரேடியேட்டரை மாற்றுங்கள். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் கதை வேறு. அதை ரேடியேட்டர் கடையில் ஈயம் வைத்துப் பற்றவைக்கலாம், உள் கோரையும் புதிதாகப் போடலாம். தூக்கி எறிய வேண்டாம்.

*பிளாஸ்டிக் ஃபிளேஞ்ச்.* சிட்டி கோல்ஃப் வைத்திருப்பவர்கள் இதை முதலிலேயே பார்க்கலாம். சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டில் ஹோஸ் வந்து சேரும் கறுப்புப் பிளாஸ்டிக் துண்டு, சூட்டில் வளைந்தும் வெடித்தும் போகும். உள்ளே உள்ள ஓ-ரிங்கும் தட்டையாகியிருக்கும். அங்கே கசிவது கியர்பாக்ஸ் மேல் வழிந்து போவதால் தவறான இடத்தில் ஈரம் தெரியும். பழையதைக் கழற்றிய பின் ஹெட்டின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து, புதிய ஓ-ரிங்கோடு போடுங்கள். பழைய ரிங்கின் மேல் சிலிக்கானைப் பூசிச் சமாளித்தால் மறுபடி கசியும்.

*வாட்டர் பம்ப்.* பம்பின் அடியில் சிறு கசிவுத் துளை ஒன்று இருக்கும். உள்ளே சீல் தேய்ந்தால் அதன் வழியே சொட்டி எச்சரிக்கும். கண்ணாடியையும் டார்ச்சையும் வைத்து அந்தத் துளைக்குக் கீழே தடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெல்ட் சுழன்று தெளித்திருந்தால் பானெட்டின் அடியில் ஒரே நேர்கோட்டில் புள்ளிகள் இருக்கும். எஞ்சினை நிறுத்தி, பம்ப் புல்லியை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். கொஞ்சம் ஆடினாலும் பேரிங் போய்விட்டது. கோல்ஃபின் 8 வால்வ் எஞ்சினில் பம்பை வெளி பெல்ட் ஓட்டுகிறது, வீட்டிலேயே மாற்றலாம். பழைய கோர்சாவின் 8 வால்வ் எஞ்சினில் டைமிங் பெல்ட்தான் பம்பைச் சுழற்றுகிறது. டைமிங் தெரியாதவர்கள் அதைத் தொடாமல் மெக்கானிக்கிடம் விடுங்கள். பம்ப், பெல்ட், டென்ஷனர் மூன்றையும் சேர்த்தே போடச் சொல்லுங்கள், ஒரே கூலியில் முடியும்.

*கோர் பிளக்.* பிளாக்கின் பக்கத்தில் கிண்ணம் போன்ற வட்டத் தகடுகள் அடித்திருக்கும். வருடக்கணக்காக வெறும் தண்ணீர் ஓடிய எஞ்சினில் இவை உள்ளிருந்து துருப்பிடித்து ஊசித்துளை விழும். தெரியும் இடத்தில் இருந்தால் சின்ன வேலை. மேனிஃபோல்டுக்குப் பின்னாலோ கியர்பாக்ஸுக்குப் பின்னாலோ இருந்தால் கூலிதான் செலவு. ஒன்று துருத்துளை விழுந்துவிட்டால் மற்றவையும் அதே வயதுதான், எட்டுகிறவற்றை எல்லாம் சேர்த்து மாற்றுவது லாபம்.

அறிகுறி 2: தரை காய்ந்திருக்கிறது, மட்டம் மட்டும் இறங்குகிறது

இங்கேதான் பலர் பதறிப்போய் ஹெட் கேஸ்கட் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். மூடியில் இருந்து தொடங்குங்கள்.

மூடி ஒரு வால்வு. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைத்துக் கொதிநிலையை ஏற்றுகிறது. 1 பார் அழுத்தம் கூடினால் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். ரப்பர் காய்ந்தோ ஸ்பிரிங் தளர்ந்தோ போனால், ஓடும்போது ஆவியாக வெளியேறும். நின்ற பிறகு தடயமே இருக்காது. ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்திப் பாருங்கள், கடினமாகவோ வெட்டுப்பட்டோ இருந்தால் மாற்றுங்கள். புதிது வாங்கும்போது பழைய மூடியில் அச்சிட்ட அழுத்த எண்ணையே கேட்டு வாங்குங்கள். அதிக அழுத்த மூடி போட்டால் நல்லது என்று கடையில் சொன்னாலும் கேட்காதீர்கள். பழைய ஹோஸும் ஹீட்டரும் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

டொயோட்டா வகையில் மூடி ரேடியேட்டர் மேல் இருக்கும், பக்கத்தில் உள்ள பாட்டில் வெறும் வழிவுப் பாத்திரம். இதில் ஒரு பொறி உண்டு. எஞ்சின் ஆறும்போது பாட்டிலில் இருந்து கூலன்ட்டைத் திரும்ப உறிஞ்ச விடும் சிறு வால்வு மூடியின் நடுவில் இருக்கிறது. அது அடைத்துக்கொண்டால் பாட்டில் நிறைந்தே இருக்கும், ரேடியேட்டரோ காலியாகிக்கொண்டிருக்கும். மறுநாள் காலை மேல் ஹோஸ் ஒட்டிச் சப்பையாகக் கிடந்தால் அதுதான் காரணம். ஆகவே இந்த வகைக் காரில் பாட்டிலை மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், குளிர்ந்த எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்தே மட்டம் பாருங்கள்.

மூடி சரியென்றால் பிரஷர் டெஸ்டர். குளிர்ந்த எஞ்சினில் மாட்டி, மூடியில் எழுதிய அழுத்தம்வரை அடித்து, 15 நிமிடம் விடுங்கள். முள் அசையாமல் நின்றால் குளிரில் கசிவு இல்லை. இறங்கினால் சத்தத்தைக் கேட்டு, டார்ச் அடித்துத் தேடுங்கள். குளிரில் தாங்குவது சூட்டில் கசியலாம், ஆகவே எஞ்சின் இளஞ்சூட்டில் இருக்கும்போது ஒருமுறையும் செய்வது நல்லது. இளஞ்சூட்டில் மூடியை எடுக்கும் முன் தடித்த துணி போர்த்தி, முதல் நிலைவரை மட்டும் திருப்பி, சீறல் முழுக்க அடங்கும்வரை காத்திருங்கள்.

முள் இறங்குகிறது, வெளியே எங்கும் ஈரம் இல்லை என்றால் இரண்டே வழி: காருக்குள் ஹீட்டர், அல்லது எஞ்சினுக்குள். கீழே அறிகுறி 3, 5.

அறிகுறி 3: காருக்குள் இனிப்பு மணம், கண்ணாடியில் பிசுபிசுப்பு, கார்பெட் ஈரம்

டாஷ்போர்டுக்குள் சிறு ரேடியேட்டர் போல இருக்கும் ஹீட்டர் கோர், அல்லது அதற்குப் போகும் வால்வு. கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத எண்ணெய்ப் படலம் வந்தால் சந்தேகமே வேண்டாம். கார்பெட்டைத் தூக்கி அடியில் உள்ள பஞ்சைத் தொடுங்கள். மேலே காய்ந்திருந்தாலும் அடியில் ஊறியிருக்கும். மழைநீர் இறங்கியதோ ஏசி வடிகால் அடைத்ததோ என்று குழப்பம் வந்தால், வெள்ளை டிஷ்யூவை அழுத்தி எடுத்து நிறமும் மணமும் பாருங்கள்.

கோரை மாற்ற டாஷ்போர்டைக் கழற்ற வேண்டி வரலாம். கோர் மலிவு, கூலி அதிகம். தற்காலிகமாக, தடுப்புச் சுவரில் உள்ளே போகும் ஹோஸையும் வெளியே வரும் ஹோஸையும் ஒரு குழாய்த் துண்டால் இணைத்து ஹீட்டரை ஒதுக்கிவிடலாம். டர்பனில் ஹீட்டர் இல்லாமல் ஓட்டலாம் என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். குளிர் மிகுந்த மேட்டுநிலமான ஹாரிஸ்மித் பக்கம் ஜூலை இரவில் போகிறவர்களுக்கு ஹீட்டர் இல்லையென்றால் முன்கண்ணாடியின் பனிமூட்டம் நீங்காது. அது சௌகரியப் பிரச்சினை மட்டும் அல்ல, பாதுகாப்புப் பிரச்சினை.

அறிகுறி 4: ஊருக்குள் சரி, ஏற்றத்திலோ நெரிசலிலோ கொதித்து வழிகிறது

முதலில் எது என்று பிரியுங்கள்.

*நெரிசலில் மட்டும் சூடாகிறது, வேகமாக ஓடினால் ஆறுகிறது:* ஃபேன் பக்கம் பாருங்கள். தைப்பூசக் காவடி நாளில் கோயில் தெருவில் அங்குலம் அங்குலமாக நகரும் வரிசை இதற்குச் சரியான சோதனைக்களம்: டர்பனின் கோடை வெயில், காற்றோட்டம் இல்லை. நின்ற நிலையில் எஞ்சினை ஓடவிடுங்கள். கோல்ஃபில் 92 முதல் 97 டிகிரிக்குள் ஃபேன் ஓடத் தொடங்கி, 84 முதல் 91-க்குள் நிற்க வேண்டும். ஓடவில்லையென்றால் எஞ்சினை நிறுத்தி, ரேடியேட்டரில் செருகியிருக்கும் ஃபேன் சுவிட்சின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளையும் ஒரு கம்பியால் இணைத்துப் பாருங்கள். ஃபேன் சுழன்றால் சுவிட்ச் போய்விட்டது. சுழலவில்லையென்றால் ஃபியூஸ், வயர், கடைசியாக மோட்டார்.

*ஏற்றத்திலும் நெடுஞ்சாலையிலும் சூடாகிறது:* ஃபேன் அல்ல. ரேடியேட்டரின் முகத்தில் ஒட்டிய பூச்சி, தூசி, உள்ளே சேறு, திறக்காத தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடான பின் கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடும் வால்வு), தேய்ந்த பம்ப் இறக்கை. ரேடியேட்டருக்குப் பின்னாலிருந்து முன்னால் போகும்படி மெதுவாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி, வெப்பமானியோடு பாத்திரத் தண்ணீரில் சூடாக்குங்கள். அதில் பொறித்த டிகிரியை ஒட்டி, கோல்ஃப் என்றால் 87, அது கண்ணெதிரே திறக்க வேண்டும். தெர்மோஸ்டாட்டைத் தூக்கி எறிந்துவிட்டு இல்லாமலே ஓட்டும் வழக்கம் நம்மிடையே ஆழமாக இருக்கிறது. செய்யாதீர்கள். எஞ்சின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, எரிபொருளைக் கூடுதலாகக் குடித்து, உள்ளே தேயும்.

ஃபீல்ட்ஸ் ஹில்லிலும், பீட்டர்மாரிட்ஸ்பர்க்கைத் தாண்டிய டவுன் ஹில்லிலும், வான் ரீனன் கணவாயிலும் நின்று ஆவி விடும் பழைய கார்களைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அந்த ஏற்றம் சுமையால் மட்டும் சோதிப்பதில்லை. உயரம் கூடக் கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதிக்கிறது. கடல் மட்டத்து டர்பனில் 100 டிகிரி என்றால், சுமார் 1,750 மீட்டர் உயரத்து ஜோகன்னஸ்பர்க்கில் 94-ஐ ஒட்டி. வெறும் தண்ணீர் ஊற்றிய காரில் மூடியும் அழுத்தம் பிடிக்கவில்லையென்றால், அங்கே ஃபேன் சுழலத் தொடங்கும் முன்பே உள்ளே கொதிக்கத் தொடங்கிவிடலாம். ஊரில் மாதக்கணக்கில் குறை சொல்லாத கார், குடும்பத்தோடு மேலே போகும் நாளில் கைவிடுவதற்கு இது முக்கியக் காரணம். ஜோகன்னஸ்பர்க் போகும் என்-3 நெடுஞ்சாலையில் ஏறப் போகிறவர்கள் கிளம்பும் முன் புதிய மூடியும் சரியான கலவையில் கூலன்ட்டும் போட்டுவிடுங்கள்.

வழியில் டாஷ்போர்டு வெப்ப மீட்டரின் முள் சிவப்பை நெருங்கினால் ஏசியை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வையுங்கள், ஓரம் கட்டுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் ஹெட் வெடிக்கலாம். இன்னொன்று மிக முக்கியம்: உச்சத்தில் இருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் கார் ஆறிவிட்டது என்று நினைக்காதீர்கள். கூலன்ட் தீர்ந்து, சென்சார் காற்றில் தொங்குகிறது என்று அர்த்தம். உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

அறிகுறி 5: வெள்ளைப் புகை, எண்ணெயில் பால் நிறம், தொட்டியில் குமிழி

காலையில் கொஞ்ச நேரம் வரும் வெண்புகை ஈரத்தின் ஆவி. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு மணத்தோடு தொடர்ந்தால்தான் கவலை. எண்ணெய் ஊற்றும் மூடிக்கு அடியில் மட்டும் வெண்ணெய் போலப் படிந்திருந்தால், அது குறைந்த தூரமே ஓட்டும் காரின் ஈரமாகவும் இருக்கலாம். டிப்ஸ்டிக்கிலும் பால் காபி நிறம் இருந்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். அந்த எண்ணெய் பேரிங்குகளைச் சில நிமிடங்களில் அழித்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர் காரில் தொட்டியில் இளஞ்சிவப்புப் பால் போன்று தெரிந்தால் அது ஹெட் கேஸ்கட் அல்ல. கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்ளேயே வெடித்திருக்கும். கார் இழுவண்டியில்தான் போக வேண்டும், இல்லையென்றால் கியர்பாக்ஸும் போகும்.

எண்ணெய் சுத்தமாக இருந்தால் வீட்டில் செய்யக்கூடிய சோதனைகள்:

குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்தில் மேல் ஹோஸை அழுத்துங்கள். இன்னும் சூடேறாத நிலையிலேயே கல் போல இறுகியிருந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் புகுகிறது.

ஸ்பார்க் பிளக் நான்கையும் கழற்றி வரிசையாக வையுங்கள். மூன்று பழுப்பாகவும் ஒன்று மட்டும் ஆவியில் கழுவியது போலப் பளிச்சென்றும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் கூலன்ட் போகிறது.

பிளாக் டெஸ்டர், அதாவது எரிந்த வாயு பட்டால் நிறம் மாறும் நீலத் திரவம் உள்ள குழாய், கிடைத்தால் இன்னும் தெளிவு. மட்டத்தைச் சில சென்டிமீட்டர் இறக்கி, எஞ்சின் ஓடும்போது கழுத்தின் மேல் வைத்து உள்ளிருக்கும் வாயுவை உறிஞ்ச வேண்டும். நீலத் திரவம் மஞ்சளானால் கேஸ்கட்டோ ஹெட்டோ போய்விட்டது. கூலன்ட்டே குழாய்க்குள் ஏறிவிட்டால் சோதனை செல்லாது.

சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டரில், இந்த 8 வால்வ் கோல்ஃப் எஞ்சின்களில் 10 முதல் 13 பார் நல்ல நிலை. சிலிண்டர்களுக்குள் 3 பாருக்கு மேல் வேறுபாடு கூடாது. அடுத்தடுத்த இரண்டு மட்டும் இறங்கியிருந்தால் இடையில் கேஸ்கட் எரிந்திருக்கிறது.

இதற்கு மேல் வீட்டு வேலை அல்ல. ஹெட்டைக் கழற்றினால் இன்ஜினியரிங் ஒர்க்ஸில் கொடுத்து அழுத்தச் சோதனை செய்து, தளம் நேராக இருக்கிறதா என்று அளந்து, வளைந்திருந்தால் ஸ்கிம் செய்த (தளத்தைச் சீவி நேராக்கிய) பின்தான் மாட்ட வேண்டும். கேஸ்கட்டை மட்டும் மாற்றி வளைந்த ஹெட்டை அப்படியே இறுக்குகிற வேலை, சில மாதங்களில் அதே இடத்தில் மறுபடி போகும்.

கசிவை அடைக்கும் பவுடரும் திரவமும் பற்றி ஒரு வார்த்தை. சமையலறை மிளகுத்தூளும் முட்டையும் இதில் அடக்கம். அவை ஓட்டையைத் தேடிப் போய் அடைப்பதில்லை. ஒடுங்கிய இடமெல்லாம் அடைக்கும். முதலில் அடைபடுவது ஹீட்டரும் ரேடியேட்டரின் நுண்குழாய்களும்தான். நடுவழியில் வீடு சேர வேறு வழியே இல்லாத நிலையில் மட்டும் போடலாம், போட்டால் வீடு சேர்ந்ததும் அமைப்பைக் கழுவ வேண்டும்.

அறிகுறி 6: பழுது பார்த்தாகிவிட்டது, இன்னும் மட்டம் இறங்குகிறது

பெரும்பாலும் உள்ளே சிக்கிய காற்று. ஹீட்டரைச் சூட்டில் வைத்து, காரின் முன்பக்கம் உயரமாக இருக்கும்படி சரிவில் நிறுத்தி, மெல்ல ஊற்றி, மேல் ஹோஸை அழுத்தி அழுத்தி விட்டுக் குமிழிகளை வெளியேற்றுங்கள். பிறகு ஃபேன் இருமுறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிட்டு, முழுக்க ஆறவிட்டு, மறுநாள் நிரப்புங்கள். வெப்ப மீட்டர் முள் ஏறியிருந்தும் ஹீட்டரில் குளிர்ந்த காற்றே வந்தால் காற்று இன்னும் உள்ளே இருக்கிறது. மூன்றாம் நாளும் இறங்கினால் அது காற்று அல்ல, பிரஷர் டெஸ்டருக்குத் திரும்புங்கள்.

கலவை பாதிக்குப் பாதி: கூலன்ட் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் தாதுநீக்கிய தண்ணீர் ஒரு பங்கு. நிறம் பார்த்துக் கலக்காதீர்கள். பச்சை பழைய வகையையும் சிவப்பு வகையையும் சேர்த்தால் சில இணைகளில் பழுப்புச் சேறாகி ரேடியேட்டரையே அடைக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத காரை முழுக்க வடித்து, தண்ணீர் தெளிவாக வரும்வரை கழுவி, ஒரே வகையில் நிரப்புங்கள். பச்சை வகையை 2 வருடத்துக்கு ஒருமுறை மாற்றியே ஆக வேண்டும்.

மெக்கானிக்கிடம் கொண்டுபோகும் கட்டம்

ஒரே பயணத்தில் ஒரு லிட்டருக்கு மேல் குறைந்தால், எண்ணெயில் பால் தெரிந்தால், டைமிங் பெல்ட்டைக் கழற்ற வேண்டி வந்தால், பிளாக் டெஸ்டர் மஞ்சளானால், உங்கள் வேலை முடிந்தது. இரவு நின்ற கார் ஸ்டார்ட் ஆகாமல் தட்டென்று இறுகி நின்றால் மறுபடி சாவியைத் திருப்பாதீர்கள். சிலிண்டரில் கூலன்ட் நிறைந்திருந்தால் கனெக்டிங் ராட் வளையும்.

செய்த சோதனைகளை அளவோடு எழுதிக் கொண்டுபோங்கள்: எத்தனை நாளில் எவ்வளவு குறைந்தது, டெஸ்டர் முள் எத்தனை நிமிடத்தில் எவ்வளவு இறங்கியது, எந்தச் சிலிண்டரின் பிளக் சுத்தமாக இருந்தது. வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பழுதுபார்ப்பில் போட்ட பாகத்துக்கும் கூலிக்கும் குறைந்தது 3 மாத உத்தரவாதம் உண்டு. கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேட்கும் உரிமையும் அதே சட்டத்தில் இருக்கிறது. பழைய பம்பையும் கேஸ்கட்டையும் கேட்டு வாங்கி, எந்த இடத்தில் கசிந்தது என்று காட்டச் சொல்லுங்கள்.